பல்லவியும் விருத்தமும்: பொருநைநாட்டுக் கிறித்தவ இசைப்பாக்கள்

திருநெல்வேலிச் சீமை கிறித்தவத் தமிழுக்கு அளித்த புலவர்களுள் இருவர் தலையாயவர். ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864); மற்றவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). தமிழிலக்கிய வரலாறுகளைப் புரட்டுவோர் பின்னவருக்குப் பல பக்கங்களும் முன்னவருக்குச் சில வரிகளும் ஒதுக்கப்பட்டிருத்தலைக் காண்பர். காரணம் வெளிப்படை. கிருஷ்ண பிள்ளை பெருங்காப்பியம் பாடினார். சாஸ்திரியார் கீர்த்தனம் பாடினார். காப்பியம் இலக்கியம், கீர்த்தனம் இசை என்று பிரித்து, பின்னதை இசைவாணர் பொறுப்பில் விட்டுவிடுதல் நம் திறனாய்வாளர் பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. இப்பிரிவினை பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. கீர்த்தனத்தை அதற்குரிய அளவுகோலால் அளந்தால், சாஸ்திரியார் நிலை உயரும். அதே அளவுகோல் கிருஷ்ண பிள்ளையின் பெருமை எங்கே கால்கொண்டுள்ளது என்பதையும் நமக்குப் புதிதாகக் காட்டும்.

முதற்கண் காலநிலையைச் சிறிது நோக்குவோம். பாளையங்கோட்டையில் 1780ஆம் ஆண்டில் சபைப் பதிவில் இடம்பெற்ற சீர்திருத்தச் சபையார் நாற்பதின்மரே. கிளாரிந்தா அம்மையார் எழுப்பிய கற்கோயில் 1785இல் நிலைபெற்றது. ரேனியஸ் ஐயர் 1820இல் அங்கு வந்த பின்னரே சபைகள் ஊர்தோறும் பெருகின. மெஞ்ஞானபுரம், நாசரேத்து, சாயர்புரம், இடையன்குடி, முதலூர் என்பன பனைமரக் காட்டிடையே எழுந்த கிறித்தவ ஊர்கள். அவ்வூர் மக்களுட் பெரும்பாலோர் அக்காலத்து எழுத்தறியாதவர். ஆகவே, அவர்கள் நாவில் நின்ற முதல் நூல் அச்சிட்ட நூலன்று. பாட்டே அவர்தம் நூல். இதனை மறவாது மேற்செல்லுதல் வேண்டும்.

அவர்களுக்கு முதலில் வாய்த்த பாட்டு யாது? தரங்கம்பாடிக் குருமார் செருமானிய ஞானப்பாட்டுகளை, அவற்றின் மெட்டு மாறாது, தமிழாக்கி வைத்திருந்தனர். பப்ரிசியுஸ் ஐயர் (1711–1791) இத்துறையில் பெரும்பணி ஆற்றினார். அவர் புலமையும் பத்தியும் ஐயத்திற்கு இடமற்றவை. எனினும், அம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. செருமானிய மெட்டு அசையழுத்தத்தைப் பற்றி நடப்பது. தமிழ்ச் செய்யுளோ குறில் நெடில் அளவைப் பற்றி நடப்பது. மெட்டில் நீள வேண்டிய இடத்திற் குறில் வந்து வீழின், 'வரம்' என்பது 'வாரம்' என ஒலிக்கும், 'பலம்' 'பால'மாகும். கேட்போன் பொருளைப் பாடலினின்றும் பெறாது, தான் முன்னரே அறிந்ததைக் கொண்டு இட்டு நிரப்பிக்கொள்ள நேரும். கருநாடக இசையிலும் குறில் நீள்வதில்லையா எனின், நீளும். ஆயினும் ஆண்டு எவ்வெழுத்து நீளல் வேண்டும், எவ்வெழுத்துத் தாளத்தின் எவ்விடத்தே எடுக்கப்படல் வேண்டும் என்பதைப் பாடலாசிரியனே சொல்லோடு உடன் வகுக்கின்றான். மெட்டும் சொல்லும் ஒரே கருவிற் பிறப்பன. பாமாலைக்கும் கீர்த்தனத்துக்கும் உள்ள அடிப்படை வேற்றுமை இதுவே. சமயத்தாரிடையே பலகாலும் எழுந்த 'மேல்நாட்டிசையா, நம் நாட்டிசையா' என்னும் வழக்கு இதற்குப் பின்னதே.

இனிச் சாஸ்திரியாரிடம் வருவோம். திருநெல்வேலியிற் பிறந்த அவர் பன்னிரண்டு அகவை அளவில் சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சைக்குச் சென்றார். ஆண்டும் தரங்கம்பாடியிலும் கல்வி பெற்றார். இரண்டாம் சரபோசி மன்னரின் இளமைத் தோழராகவும் பின்னர் அவரால் மதிக்கப்பெற்ற புலவராகவும் விளங்கினார். எனவே, 'அவர் தஞ்சையர், திருநெல்வேலியர் அல்லர்' என்று வாதிப்பார் உளர். வாழ்நாட் கணக்கால் அது மெய்யே. ஆனால், அவர் எடுத்துக்கொண்ட வடிவத்தை நோக்குக. அவர்தம் புகழ்நூலாகிய பெத்லகேம் குறவஞ்சி 1800ஆம் ஆண்டினது. குறவஞ்சி இலக்கியத்தின் மணிமுடி, திருநெல்வேலிச் சீமையின் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி என்பது யாவரும் ஒப்பியது. தஞ்சை அரசவையிலும் குறவஞ்சி ஆடப்பெற்றது. அங்கு அது மன்னனையோ பெருவுடையாரையோ பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. தெற்கே மலைவளமும் மக்கள் வழக்கும் விளைத்த ஒரு கூத்து வடிவத்தைத் தஞ்சையின் இசைப் பயிற்சியோடு கூட்டிச் சாஸ்திரியார் தம் சமயத்துக்கு ஆக்கினார் என்பதே பொருந்தும்.

அவ்வாக்கத்தில் அவர் செய்த மாற்றம் கருதத்தக்கது. தலைவன் உலாவரக் கண்டு தலைவி காமுறுதலும், குறத்தி வந்து குறி கூறுதலும், சிங்கன் பறவை பிடித்தலும் குறவஞ்சியின் நிலைத்த உறுப்புகள். இவற்றுள் ஒன்றையும் அவர் கைவிடவில்லை. தலைவி தேவமோகினி என்னும் சீயோன் மகள். குறத்தி விசுவாசத்தின் உருவகம். பறவை பிடித்தல் மக்களை நற்செய்தியின் வலைப்படுத்தல். உருவகம் என்ற அளவில் இஃது எளிது, எவரும் செய்யக்கூடியது. அருமை வேறிடத்து உள்ளது. குறத்தி மலைவளம் நாட்டுவளம் கூறும் பகுதியைப் புவிநூலும் வானநூலும் கூறுதற்கு அவர் இடனாக்கிக்கொண்டார். ஞாயிற்றை நடுவாகக் கொண்ட கோப்பர்நிக்கஸ் கொள்கை தமிழ்ப் பாட்டில் ஒரு குறத்தியின் வாயிலாக வந்தது என்பது நம் அறிவியற்றமிழ் வரலாற்றை எழுதுவோர் பொன்னேபோற் போற்ற வேண்டிய செய்தி. பள்ளிப் புத்தகம் தோன்றுமுன் பாட்டே பள்ளிப் புத்தகமாயிற்று.

அவர் கீர்த்தனங்களின் ஆற்றல் பல்லவியில் உள்ளது. கீர்த்தனத்தின் பல்லவியைச் செய்யுளின் முதலடியாகக் கொள்வது பெரும்பிழை. சரணம் தோறும் பல்லவி மீண்டு வருகின்றது. மீளுந்தோறும் அதன் பொருள் சிறிது மாறுகின்றது. முதற்கண் வெறும் அழைப்பாக நின்ற சொற்றொடர், இயேசுவின் பாடுகளைக் கூறிய சரணத்தின் பின் வருங்கால் இரக்கமாகவும், உயிர்த்தெழுதலைக் கூறியதன் பின் வருங்கால் வெற்றிக் குரலாகவும் ஒலிக்கும். எழுத்தளவில் ஒரே சொல், பொருளளவில் மூன்று. ஏட்டில் நோக்குவார்க்கு இது கூறியது கூறலாகத் தோன்றும். பாடக் கேட்பார்க்கே அதன் வளர்ச்சி புலனாகும். நன்னூலார் வகுத்த குற்றங்களுள் ஒன்றை இங்கே ஏற்றிக் குறை காண்பது, நடனத்தை ஓவியத்தின் இலக்கணங்கொண்டு அளப்பதை ஒக்கும். மேலும், பல்லவியே சபையார்க்குரிய பகுதி. சரணத்தைப் பாடத் தெரிந்தவர் ஒருவர் போதும். எழுத்தறியாத நூற்றுவரும் பல்லவியில் ஒருங்கு கூடுவர். சாஸ்திரியார் தாமே கதாகாலட்சேபம் நிகழ்த்தியவராதலின் எவ்விடத்து அவையினர் குரல் எழும் என்பதைக் கணக்கிட்டே பல்லவி சமைத்தார் என்று கொள்ளலாம்.

கிருஷ்ண பிள்ளையின் நெறி வேறு. கரையிருப்பில் வைணவக் குடியிற் பிறந்து, கம்பனில் தோய்ந்த தந்தையாரிடம் தமிழ் கற்று, 1853இல் சாயர்புரத்துத் தமிழாசிரியராய் அமர்ந்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற அவர், பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார். பாளையங்கோட்டையில் வெளிவந்த 'நற்போதகம்' என்னும் இதழிற் பகுதி பகுதியாக வந்து, 1894இல் நூலாக நிறைவுற்ற அது, ஐந்து பருவங்களில் 3,500க்கு மேற்பட்ட செய்யுட்களைக் கொண்டது. அதன் காப்பியச் சிறப்புப் பலராலும் விரித்துரைக்கப்பட்டுள்ளது; ஈண்டு வேண்டா. 'கிறித்தவக் கம்பர்' என்னும் பட்டம் அவர்க்கு நன்மையினும் தீங்கே செய்தது என்பது மட்டும் எம் கருத்து. கம்பனோடு ஒப்பிட்டுக் காணும் ஆர்வத்தில், கம்பனிடத்து இல்லாதனவற்றை அவரிடத்துத் தேடுவாரே இலராயினர்.

அவ்வாறு தேடத்தக்கது யாத்திரிகத்தினுள் அவர் அமைத்த தேவாரங்கள். காப்பிய விருத்தம் தனி ஒருவர் பாடக் கேட்பது. இராகம் இழைத்துப் பாடலாம், தாளக்கட்டு இன்றியமையாததன்று, சபை இடையிற் புகுதற்கு வாயில் இல்லை. இஃது அவ்வடிவத்தின் குறையன்று, இயல்பு. ஆகவேதான் காப்பியம் புலவர் கையில் தங்கியது, தேவாலயத்துக்குள் நடக்கவில்லை. ஆனால், அதன் தேவாரங்களுள் ஒன்று இன்றும் தென்னாட்டுச் சபைகளெங்கும் பாடப்படுகின்றது. அது கீர்த்தனமன்று; அதற்குப் பல்லவி இல்லை. ஆயினும், ஒவ்வொரு பாட்டும் இறைவனை விளித்து, அவனையன்றித் தனக்குத் துணையும் உறவும் யாவர் என்னும் ஒரே வினாவில் வந்து முடிகின்றது. பல்லவி தலையிற் செய்யும் தொழிலை இவ்வினா அடியிற் செய்கின்றது.

இவ்வமைப்பு அவர்க்கு யாண்டிருந்து வந்தது? சுந்தரர் திருமழபாடிப் பதிகத்தை உடன்வைத்து நோக்குவார்க்கு விடை தானே போதரும். அங்கும் பாட்டுத்தோறும் இறைவனை அழைத்தல். அங்கும் அவனையல்லால் வேறொருவரை நினையாமையை வினாவாய் முடித்தல். ஓசை நடையும் அதுவே. வைணவராய்ப் பிறந்து கிறித்தவரான புலவர், சைவ நாயனாரின் பதிகச் சட்டத்தை எடுத்துத் தம் உள்ளக் கிடக்கையை அதில் வார்த்தார். இதனைப் 'பின்பற்றல்' என்று கூறி அமைதல் போதாது. சுந்தரர் வினாவில் உரிமை தொனிக்கின்றது. இறைவனைத் தோழனாகப் பெற்றவர் கேட்கும் வினா அது. கிருஷ்ண பிள்ளையின் வினாவில் தனிமை தொனிக்கின்றது. குடியும் உறவும் விட்டு வந்தவர் வாயில் 'உறவு' என்னும் சொல் அணிக்காக வந்த சொல்லன்று. ஒரே சட்டத்தில் இருவேறு வாழ்க்கைகள் பேசும் இவ்விடத்தையே யாம் யாத்திரிகத்தின் உயர்ந்த இடங்களுள் ஒன்றாகக் கொள்கின்றோம். போர்க்கள வருணனைகள் இதற்கு ஈடாகா.

எனவே, காப்பியப் புலவரும் சபையார் நாவில் நின்றது மீண்டு வரும் தொடரைத் தழுவிய இடத்திலேயே எனத் தெளிக. கீர்த்தனத்தை இழிந்ததென்று கருதுவார் இவ்வுண்மையை எங்ஙனம் விளக்குவரோ அறியோம்.

இத்துணைச் சிறப்புடைய பாக்கள் நமக்கு எந்நிலையிற் கிடைத்துள்ளன என்பதை இனி நோக்கல் வேண்டும். அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853இல் கீர்த்தனத் திரட்டொன்றை வெளியிட்டார். சாஸ்திரியார் பாடல்கள் அதிற் பெரிதும் இடம்பெற்றன. பின்னர் வாஷ்பர்ன் ஐயர் முதலியோர் திருத்திப் பெருக்கினர். இத்திரட்டுகள் இல்லையேல் பல பாடல்கள் மறைந்திருக்கும். அந்நன்றியை மறத்தல் ஆகாது. ஆயினும், திரட்டினோர் நோக்கம் வழிபாடு, பாடத் தூய்மையன்று. பதினைந்து சரணம் உடையது ஆறாயிற்று. கடுஞ்சொல் என்று கருதப்பட்டது எளிய சொல்லாக மாற்றப்பட்டது. திரட்டுகள் பலவற்றிற் பொருள் தலைப்பே முன்னின்றது. பாடினார் பெயர் மங்கியது.

குறுக்கலால் விளைந்த கேட்டை ஒரு வகையால் அறியலாம். ஒரு வரலாற்றைத் தொடக்கமுதல் இறுதிவரை கூறும் கீர்த்தனத்தில் இடைச்சரணம் இரண்டை நீக்கினால், அடுத்த சரணத்தின் 'அவன்', 'அங்கே', 'அப்போது' என்னும் சுட்டுகள் பற்றுக்கோடின்றி நிற்கும். எதுகை சரணத்துக்குள்ளேயே முடிந்துவிடுதலின் யாப்பு இவ்விடுகையைக் காட்டிக் கொடாது. பொருள் மட்டுமே காட்டும். அச்சிட்ட கீர்த்தனப் புத்தகத்தை எடுத்து, தலைவி கூற்றாகத் தொடங்கித் திடீரெனப் போதகர் கூற்றாக மாறும் பாடல்களை ஒருவர் குறித்துக்கொண்டு வருவாராயின், அவற்றுட் சில நாடகத்தினின்றும் பிரித்தெடுத்த பகுதிகள் என்பது புலனாகும். பேசுவார் யாரென்று அறியாமலே நாம் அவற்றைப் பாடி வருகின்றோம்.

சாஸ்திரியார் இதனைத் தம் வாழ்நாளிலேயே எதிர்த்தார். 1829ஆம் ஆண்டளவில் தஞ்சையிற் புதிதாக வந்த குருமார்க்கும் அவர்க்கும் மூண்ட பூசல் வரலாற்றில் இடம்பெற்றது. வழங்கி வந்த வேத மொழிபெயர்ப்பைத் திருத்தல், சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழித்தல், விழாக்களிற் பூ முதலியவற்றை விலக்கல், வழிபாட்டில் தமிழிசைப் பாடல்களை விலக்கல் ஆகிய நான்கையும் கொடுமைகள் என அவர் முறையிட்டார். திறனாய்வாளன் இங்கே நடுவுநிலை பிறழ்தல் கூடாது. இசையைப் பற்றிய அவர் முறையீடு நியாயமுடையது. சாதியைப் பற்றிய முறையீடு நியாயமுடையதன்று. வெள்ளாளர் இருக்கையும் பிறர் இருக்கையும் தனித்தனி அமைதல் வேண்டும் என்ற வழக்கத்தைக் காத்தற்கு அவர் எழுதினார். அவரைப் போற்றி எழுதுவோர் இதனை மறைப்பதும், தூற்றி எழுதுவோர் இதன்பொருட்டு அவர் பாடல்களைத் தள்ளுவதும் ஒருதலையானவை. அவர் பாடல்களைப் பரப்பியவர் யாவர்? தென்பாண்டிச் சிற்றூர்களிற் பனையேறியவரும், கழனியில் உழைத்தவரும், அவர் வகுத்த இருக்கை முறையில் முன்னிடம் பெறாதவருமே ஆவர். பாடலாசிரியன் தன் கருத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு போனான். பல்லவி அவர்களிடம் சென்று சேர்ந்தது. கீர்த்தன வரலாற்றில் இதனினும் நுணுகி ஆராயத்தக்க செய்தி வேறில்லை.

மெட்டின் செய்தியும் இத்தகையதே. புத்தகங்கள் பாட்டின் தலையில் இராகமும் தாளமும் குறிக்கும். சபையார் பாடுவதோ பலவிடத்தும் வேறாயிருக்கும். தென்காசி வட்டாரத்துச் சாம்பவர்வடகரையிற் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) இக்குறையை உணர்ந்தவருள் முதல்வர். அவர்தம் கருணாமிர்த சாகரம் (1917) சுருதி ஆராய்ச்சிக்காகப் புகழ்பெற்றது. அவர் கீர்த்தனங்கள் இயற்றியவர் என்பதோ, அவற்றைச் சுரக்குறிப்போடு 1907இலேயே கருணாமிர்த சாகரத் திரட்டாக வெளியிட்டார் என்பதோ அத்துணை நினைக்கப்படுவதில்லை. கீதம் முதலியவற்றைத் தெலுங்கிலே பயின்ற மாணவர்க்குத் தமிழ்ச் சொற்களால் அவற்றை ஆக்கித் தந்தார். செய்யுள்நயம் கருதின் அவர் சாஸ்திரியார்க்குப் பல படி தாழ்ந்தவர். சில சரணங்கள் சுரத்துக்கு இட்ட சொற்களாகவே நிற்கின்றன. ஆயினும், தம் பாடல் எவ்வாறு பாடப்படல் வேண்டும் என்பதற்குச் சான்று விட்டுச் சென்றதனால் அவர் நமக்கு அரிய துணைவர்.

ஏனையோர் பாடல்களுக்குச் சான்று மக்கள் நாவே. அந்நா ஊர்விட்டு ஊர் சென்றது. இலங்கைக் காப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழரிடையே 1854இல் தொடங்கிய சமயப்பணிக்குத் திருநெல்வேலிச் சபைகள் உபதேசியாரை அனுப்பின; அவர்களோடு பாட்டும் கடல் கடந்தது. நம் பொருநைநாட்டுக்குள்ளேயே இத்தகைய தோட்டம் ஒன்று பின்னர்த் தோன்றியது. சிங்கம்பட்டிச் சமீன் 1929இல் பம்பாய் பர்மா வாணிகக் கழகத்திற்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கர் மலைக்காட்டில், மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் குடியிருப்புகள் எழுந்தன. சமவெளியினின்றும் மலையாள நாட்டினின்றும் தொழிலாளர் ஏறினர். கோயிலோடு தேவாலயமும் அமைந்தது. நான்கு தலைமுறை மக்கள் ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்த இடம் அது. பல ஊர்ச் சபைகளினின்றும் வந்தோர் ஒரே கூரையின்கீழ்ப் பாடும்போது, ஒரே கீர்த்தனத்தின் இருவேறு மெட்டுகள் மோதுதலும், ஒன்று வெல்லுதலும், இரண்டும் கலந்து மூன்றாவதொன்று பிறத்தலும் இயல்பு. ஆகவே பாடவேறுபாடும் மெட்டு வேறுபாடும் நாடுவார்க்கு நகர்ப்புறப் பெருஞ்சபைகளினும் இத்தகைய தோட்டங்களே சிறந்த களம்.

அக்களம் இப்போது கலைந்து வருகின்றது. குத்தகை 2028இல் முடிவதற்கு முன்னரே, 2024இல் கழகம் தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு அறிவித்து வேலையை நிறுத்தியது. குடும்பங்கள் மலையிலிருந்து இறங்கத் தொடங்கின. மக்களின் வாழ்வுரிமை பற்றிய பெருவழக்கு இவ்விதழின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நம் எல்லைக்குட்பட்டது ஒன்று உண்டு. அவர்கள் மார்கழிப் பனியிற் பாடி வலம்வரும் பஜனைப் பாட்டையும், இழவு வீட்டிற் பாடும் கீர்த்தனத்தையும், எந்தச் சரணம் விட்டு எந்தச் சரணம் பாடுவர் என்பதையும் ஒருங்கு வாழ்ந்த காலத்துக் கேட்பது ஒன்று. பல ஊர்களிற் சிதறிய பின்னர்த் தனித்தனியே கேட்பது மற்றொன்று. இரண்டாவது இனியும் இயல்வதே. ஆனால் நாள் செல்லச் செல்ல அரிதாகும்.

முதுகலை மாணவர் ஆய்வுப்பொருள் வேண்டி வருங்கால், இரட்சணிய யாத்திரிகத்தில் உவமைநயம் என்னும் தலைப்பே திரும்பத் திரும்பக் கொள்ளப்படுகின்றது. அத்தலைப்பிற் புதிதாகக் கூறுதற்குரியது சிறிதே. சாஸ்திரியாரின் கையெழுத்துப்படிகள் பல பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியிற் பேணப்பட்டுள்ளன. அப்படிகளை ஒருபுறமும், 1853 முதலாக வெளிவந்த திரட்டுகளை மறுபுறமும் வைத்து, ஒரு கீர்த்தனத்தையேனும் சரணம் சரணமாக ஒப்புநோக்கி, விடுபட்டது எது, மாற்றப்பட்டது எது, மாற்றியவர் கருத்து யாது என்று காட்டுவாராயின் அஃது ஓர் ஆய்வேடாக அமையும். மூன்றாவதாக, சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம் வட்டாரங்களில் மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்து குடியேறிய முதியோர் வாய்ப்பாடத்தையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். அச்சுப்படி குறுக்கிய சரணம் ஒன்று அவர்களில் யாரேனும் ஒருவர் நாவில் எஞ்சியிருத்தல் கூடும். கம்பராமாயணப் பாடத்துக்கு ஏடு தேடி ஊர் ஊராகச் சென்ற மரபினர் நாம். கீர்த்தனப் பாடத்துக்கு ஆள் தேடிச் செல்லுதற்கு நாணுதற்குக் காரணமில்லை.